உறங்கும் வைரஸும் செல்லின் வளர்சிதை மாற்றமும்: எது எதைத் தீர்மானிக்கிறது?

கேள்வி – நுண்ணுயிரியல் ஆய்வு மாணவி

ஹெர்பிஸ் குடும்பத்தைச் சேர்ந்த மனித சைட்டோமெகலோவைரஸ் தொற்றிய ஃபைப்ரோபிளாஸ்ட் (இணைப்புத் திசு) செல்களை வளர்த்து வருகிறேன். தொற்று ஏற்படுத்திய குடுவையில் மூன்றாம் நாளுக்குள் ஊடகத்தின் (செல்களை வளர்க்கும் ஊட்டத் திரவத்தின்) சிவப்பு நிறம் மஞ்சளாகிவிடுகிறது. அதே நாளில் அதே எண்ணிக்கையில் செல்களை இட்ட தொற்றில்லாத குடுவை சிவப்பாகவே இருக்கிறது. வைரஸே செல்லின் வளர்சிதை மாற்றத்தைத் தன் தேவைக்குத் திருப்புகிறதா, அல்லது தொற்றைத் தாங்க முடியாத செல்லின் நெருக்கடி இப்படி வெளிப்படுகிறதா? வைரஸ் பெருகுவதும் உறங்குவதும் (பெருகாமல் செல்லுக்குள் தங்கியிருப்பதும்) செல்லின் வளர்சிதை நிலையைப் பொறுத்ததா என்பதையும் அறிய விரும்புகிறேன்.

மறுமொழி 1 – செல் வளர்ப்புக்காரர்

ஊடகத்திலுள்ள ஃபீனால் ரெட் என்ற நிறங்காட்டி மஞ்சளாவது அமிலம் சேர்வதைக் காட்டும். இங்கே அது பெரும்பாலும் லாக்டிக் அமிலமாக இருக்கும். ஆனால் குடுவையின் மூடி இறுகி கரியமில வாயு தேங்கினாலும் நிறம் மாறும் என்பதால், நிறத்தை மட்டும் நம்பாமல் லாக்டேட்டை (லாக்டிக் அமிலத்தின் கரைந்த வடிவத்தை) அளந்து பாருங்கள்.

இது வெறும் நெருக்கடி அல்ல என்பதே என் உறுதியான கருத்து. இந்த வைரஸ் செல்லின் வழக்கமான குளுக்கோஸ் கடத்தியான குளுட்1-ஐக் குறைத்து, அதைவிடத் திறன்மிக்க குளுட்4-ஐக் கொண்டுவருகிறது. குளுக்கோஸிலிருந்து வரும் கார்பன் மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து சிட்ரேட்டாக வெளியேறி, புதிய வைரஸ் துகள்களின் உறைக்குத் தேவையான கொழுப்பு அமிலங்களாகிறது. இதனால் சிட்ரிக் அமிலச் சுழற்சியில் (மைட்டோகாண்ட்ரியாவில் ஆற்றல் தரும் வினைச் சுழற்சியில்) விழும் பள்ளத்தைக் குளூட்டமின் என்ற அமினோ அமிலம் நிரப்புகிறது. கொழுப்பு அமில உற்பத்தியைத் தடுத்தால் வைரஸ் பெருக்கமும் சரிகிறது.

ஹெர்பிஸ் சிம்பிளக்ஸ் வைரஸ் இதே வகைச் செல்லில் வேறு பாதையைப் பிடிக்கிறது. ஒரே நாளுக்குள் தன் சுற்றை முடித்துவிடும் அது, கொழுப்பைவிட டிஎன்ஏவுக்கான பிரிமிடின் நியூக்ளியோடைடுகளின் உற்பத்தியையே முடுக்குகிறது. இரண்டும் செல்லின் பொதுவான தவிப்பாக இருந்தால், மாற்றங்களும் ஒன்றுபோலத்தானே இருந்திருக்க வேண்டும்?

கேள்வியும் புதியதல்ல. நாம் அன்றாடம் ஊற்றும் ஊடகத்துக்குப் பெயர் தந்த ஹாரி ஈகிள், 1956-இலேயே கார்ல் ஹேபலுடன் சேர்ந்து, ஹீலா என்ற மனிதப் புற்றுநோய்ச் செல்களில் போலியோ வைரஸ் பெருகுவதற்குக் குளுக்கோஸும் குளூட்டமினும் தேவை என்று காட்டினார்.

மறுமொழி 2 – தடுப்பாற்றலியல் ஆய்வாளர்

உங்கள் கேள்வியின் இரண்டாம் பகுதிக்கு, வைரஸுக்கு வைரஸ் விடை மாறும். எச்ஐவி தாக்கும் தடுப்பாற்றல் செல்லான சிடி4 டி செல் ஓய்விலிருக்கும்போது, அதில் டிஎன்ஏவின் கட்டுமானப் பொருள்களான டிஎன்டிபிகள் மிகக் குறைவு. இருப்பவற்றையும் சாம்எச்டி1 என்ற நொதி சிதைத்துவிடுவதால் எச்ஐவியின் தலைகீழ்ப் படியெடுப்பு (தன் ஆர்என்ஏவை டிஎன்ஏவாக மாற்றுவது) பாதியில் திணறுகிறது. எச்ஐவி-2 தன் விபிஎக்ஸ் புரதத்தால் அந்த நொதியையே அழித்துவிடுகிறது.

ஆனால் இந்தத் தடையை உறங்குநிலையோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. பாடநூல் படிப்பவர்கள் பலர் இங்கேதான் தடுமாறுகிறார்கள். தூண்டப்பட்ட செல் தொற்றுக்கு உள்ளாகி, வைரஸ் மரபணு அதன் குரோமோசோமில் இணைந்த பிறகு, பிழைத்து ஓய்வுநிலை நினைவுச் செல்லாகத் திரும்பும்போதே பெரும்பாலும் உறங்குநிலை உருவாகிறது. கூட்டு மருந்துச் சிகிச்சையிலும், உறங்கும் வைரஸைச் சுமக்கும் இந்தச் செல்களின் சேமிப்பு பாதியாகக் குறைய எடுக்கும் காலம், அதாவது அரை ஆயுள், ஏறத்தாழ 44 மாதங்கள்.

நரம்பு செல்லில் உறங்கும் ஹெர்பிஸ் சிம்பிளக்ஸின் கதை இன்னும் நேரடியானது. நரம்பு வளர்ச்சிக் காரணி தரும் சமிக்ஞையும், ஊட்டச்சத்து இருப்பை உணரும் எம்டார் புரதக் கூட்டு 1-உம் இயங்கும்வரை, வளர்ப்பு நரம்பு செல்களில் அது உறங்குகிறது. ராபமைசின் என்ற மருந்து கொண்டு அந்தக் கூட்டைத் தடுத்தால் விழிக்கிறது. உறங்குவதென்றால் சும்மா இருப்பது என்றும் பொருளல்ல: காபோசி சார்கோமா ஹெர்பிஸ் வைரஸ் உறங்கும் எண்டோதீலிய (இரத்தக் குழாய் உட்சுவர்) செல்கள், ஆக்சிஜன் இருந்தும் குளுக்கோஸை லாக்டேட்டாக மாற்றுகின்றன. கிளைக்கோலிசிஸ் எனப்படும் அந்தக் குளுக்கோஸ் சிதைப்பைத் தடுத்தால் மடிவது உறங்கும் வைரஸைச் சுமக்கும் செல்களே.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. லாக்டேட் அளவீட்டோடு, குளூட்டமின் இல்லாத ஊடகத்திலும் ஒரு குடுவை வைக்கப் போகிறேன்.

மறுமொழி 1 – செல் வளர்ப்புக்காரர்

அப்படியானால் ஊடகத்தில் சேர்க்கும் சீரத்தையும் (இரத்த நீரையும்) டயாலிசிஸ் செய்ததாக, அதாவது சிறு மூலக்கூறுகள் நீக்கியதாகப் பயன்படுத்துங்கள். சாதாரண சீரத்திலேயே குளூட்டமின் வந்துவிடும். இன்னொரு குடுவையில் குளூட்டமினுக்குப் பதில், அது சிட்ரிக் அமிலச் சுழற்சிக்குள் நுழையும் வடிவமான ஆல்ஃபா-கீட்டோகுளுட்டரேட் சேருங்கள். அதில் வைரஸ் எண்ணிக்கை மீண்டும் உயர்ந்தால், குளூட்டமின் முதன்மையாகச் சிட்ரிக் அமிலச் சுழற்சிக்குத்தான் போகிறது என்று உங்கள் தரவைக் கொண்டே சொல்லலாம்.