சின்ன சைன்போர்டு கடைக்கு லேசர் வாங்கணும்: டயோடா, கண்ணாடி டியூபா?

பலகைக்கடை:
கட்டிங் எல்லாம் இப்ப வெளியிலதான் குடுத்து வாங்கிட்டிருக்கேன். நேம் பிளேட், கடை போர்டு, கொஞ்சம் எல்இடி எழுத்து. அவங்களுக்கு வேலை ஒழிஞ்சாதான் நம்மளது நடக்கும், கஸ்டமர்கிட்ட திட்டு வாங்குறது மட்டும் நான். அதான் சொந்தமா ஒண்ணு போட்டுடலாம்னு. மேசை மேல வைக்கிற டயோடே போதும்னு ஒருத்தர் சொல்றார், 1390 பெட் (வெட்டுற மேடை 1300க்கு 900 மிமீ) சிஓ2, அதான் கண்ணாடி டியூப் லேசர், எடுக்கலன்னா தண்டம்னு இன்னொருத்தர் சொல்றார். இருக்கிறது ஒரே ரூம். அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

வெட்டுக்கிளி:
டயோடு பக்கமே தலை வச்சுப் படுக்காதீங்க ப்ரோ. அது நீல லேசர், 450 நானோமீட்டர் பக்கம், கிளியர் அக்ரிலிக்ல அடிச்சா அப்படியே ஊடுருவி அந்தப்பக்கம் போயிடும், கீழ இருக்கிற மேசைதான் கருகும். வெள்ளை ஷீட்டும் தகராறுதான். சிஓ2 10.6 மைக்ரான், அக்ரிலிக் எந்தக் கலரா இருந்தாலும் உறிஞ்சிக்கும், வெட்டின ஓரம் பாலிஷ் போட்ட மாதிரி பளபளன்னு வரும். 1300க்கு 900 பெட், 80 வாட்ஸ், கண்ணாடி டியூப். இதுல யோசிக்க என்ன இருக்கு?

சின்னமேசை:
ரொம்ப இருக்கு. மர நேம் பிளேட், கருப்பு அக்ரிலிக், தோல்ல பேர் போடுறது எல்லாம் டயோடு அழகா செய்யும், பவர் பாயிண்ட்ல சொருகினா வேலை ஆரம்பம். உங்க கண்ணாடி டியூபுக்கு தண்ணியைக் குளிரவைக்கிற சில்லர், எக்ஸாஸ்ட் குழாய், ஏர் பம்ப், அப்புறம் கதிரைத் திருப்புற மூணு மிரரையும் அலைன் பண்ணத் தெரிஞ்ச ஆள், இத்தனையும் வேணும். டியூப் வேற தேய்மான சாமான், ஓட்டாம சும்மா வச்சிருந்தாலும் வருஷம் போகப்போக பவர் இறங்கும். இதையெல்லாம் புதுசா வர்ற மனுஷன்கிட்ட சொல்லாம "யோசிக்க என்ன இருக்கு"ன்னா எப்படி?

வெட்டுக்கிளி:
மூடியில்லாத டயோடு மிஷினை ஒரே ரூம்ல வச்சுக்கிட்டு கஸ்டமரையும் உள்ள உக்கார வைக்கச் சொல்றீங்களா? சிஓ2 பெட்டியோட அக்ரிலிக் ஜன்னல் அதோட கதிரைத் தடுக்கும், அதே கிளியர் ஜன்னல் நீல லேசரைத் தடுக்காது, நேரா விழித்திரைக்குப் போகும். அந்த அலைநீளத்துக்குன்னு இருக்கிற கண்ணாடி போட்டே ஆகணும், வர்றவன் போறவனுக்கும் சேர்த்து.

சின்னமேசை:
மூடி போட்ட டயோடு மிஷின்னு ஒண்ணு இருக்கிறது தெரியாதா பாஸ்?

திருகாணி:
தம்பிங்களா, மிஷினுக்காக அடிச்சுக்கிறீங்க, அவர் என்ன சாமானை வெட்டப் போறார்னு ஒருத்தரும் கேக்கல. கடை போர்டுன்னா பெரும்பாலும் சன்போர்டும் ஏசிபியும்தானே. சன்போர்டு பிவிசி. அதை லேசர்ல வச்சீங்கன்னா ஹைட்ரஜன் குளோரைடு கிளம்பும், நெஞ்சும் எரியும், மிஷின் உள்ள ரெயில், பேரிங் எல்லாம் துருப்பிடிச்சுப் போகும். ஏசிபி நடுவுல பிளாஸ்டிக், ரெண்டு பக்கமும் அலுமினியத் தகடு, அதுல இந்த வாட்ஸ் ஒண்ணும் கிழிக்காது. ரெண்டுக்கும் சிஎன்சி ரௌட்டர்தான், சுத்துற பிட்டால வெட்டுற கம்ப்யூட்டர் மிஷின். என்ன ஷீட்னே தெரியாம ஒரு துண்டு கையில இருந்தா, செம்புக் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி அதுல ஒத்தி, மறுபடி நெருப்புல காட்டுங்க, பச்சையா எரிஞ்சா லேசர் பக்கம் கொண்டு போகாதீங்க.

வெட்டுக்கிளி:
சன்போர்டு விஷயம் சரி அண்ணே, யாரும் மறுக்கல. ஆனா ரௌட்டர்ல சின்ன எழுத்து எப்படி வெட்டுவீங்க? 3 மிமீ பிட்டு போட்டா உள்மூலை எல்லாம் உருண்டையா வரும், ஒரு இன்ச் உயரத்துல "ஞ" வெட்டிப் பாருங்க, சுழியே அடைஞ்சு போயிடும். அக்ரிலிக் ஓரமும் மங்கலா இருக்கும், உக்காந்து பாலிஷ் போடணும். சத்தம், தூசி வேற. லேசர் வெட்டுற கோடு சாதாரணமா கால் மிமீகூட இருக்காது.

திருகாணி:
பளபள ஓரத்துக்கும் ஒரு விலை உண்டு. லேசர் சூட்டுல ஓரத்துல இழுவிசை உள்ளயே தங்கிடும், பளிச்சுன்னு இருக்கட்டுமேன்னு ஸ்பிரிட் போட்டுத் துடைச்சா முடி முடியா விரிசல் விடும். சோப்புத் தண்ணியோட நிறுத்திக்கணும். அக்ரிலிக்லயும் காஸ்ட் (அச்சுல ஊத்தினது), எக்ஸ்ட்ரூடட் (உருக்கிப் பிதுக்கினது)னு ரெண்டு இருக்கு, என்கிரேவிங், அதாவது மேலாகச் செதுக்குற எழுத்து, வெள்ளையா தெரியணும்னா காஸ்ட்தான், மத்தது வழவழன்னு கண்ணாடியா நிக்கும், எழுத்தே தெரியாது.

மில்லிஆம்ப்:
டயோடா சிஓ2வான்னு நீங்க பேசுங்க, நான் டியூப் பத்தி மட்டும் சொல்லிட்டுப் போறேன். 80 வாட்ஸ்னு ஸ்டிக்கர் ஒட்டி 60ஐத் தலையில கட்டுறது நடக்குது, எனக்கே ஒரு வியாபாரி அப்படித்தான் அனுப்பினார். மூடியைத் திறந்து டேப்பை வச்சு அளங்க, 40 வாட்ஸ் டியூப் 70 செமீ பக்கம் இருக்கும், 80 சொன்னா ஒரு மீட்டரையாவது தாண்டணும். டியூப்ல ஓடுற கரண்ட்டைக் காட்டுற மில்லிஆம்ப் மீட்டர் கேட்டு வாங்குங்க, ஸ்கிரீன்ல காட்டுற சதவீதத்தை நம்பி டியூபை முறுக்கினீங்கன்னா ஆயுசு குறையும். சில்லர்னு சொல்லி சிடபிள்யூ 3000 தருவாங்க, அது ஃபேன் வச்ச தண்ணித் தொட்டிதான், ரூம் சூட்டுக்குக் கீழ இறக்காது. வெயில் காலத்துல தண்ணி 30 டிகிரி தாண்டினா வெட்டு வலுவிழந்து போகும், அதனால கம்ப்ரசர் உள்ள சிடபிள்யூ 5200 பாருங்க. அதுக்குன்னு ரொம்ப கூலாவும் வைக்காதீங்க, ஈரக்காத்து இருந்தா டியூப் மேல வேர்த்து ஹைவோல்டேஜ் பக்கம் பொறி பறக்கும். மிஷினை ஓட்டுற கன்ட்ரோலர் போர்டு ரூய்டா கம்பெனியா இருந்தா லைட்பர்ன் சாஃப்ட்வேர்ல ஓடும், பேர் தெரியாத போர்டு வேண்டாம். ஓடும்போது பக்கத்துல ஆள் இருக்கணும், தீயணைப்பானும் இருக்கணும், அக்ரிலிக் பத்திக்கிட்டா சும்மா அணையாது.

பலகைக்கடை:
எல்லாருக்கும் நன்றி. பழைய ஆர்டரைப் புரட்டிப் பார்த்தேன், போர்டோட அடிப்பலகைக்கு பெரும்பாலும் சன்போர்டுதான். ஆனா லாபம் நிக்கிறதும் வெளியில கொடுத்து லேட் ஆகுறதும் அக்ரிலிக் எழுத்துலயும் நேம் பிளேட்லயும்தான். கிளியர், பால் வெள்ளை ரெண்டும் நிறைய போகுது.

வெட்டுக்கிளி:
அப்ப டயோடு கதை முடிஞ்சுது. சிஓ2.

சின்னமேசை:
சரி, கிளியர்தான் அதிகம்னா நானும் வாதாடல. ஆனா நேம் பிளேட்டுக்கு 1390 எதுக்கு? 6040 போதும், 600க்கு 400 மிமீ பெட், சிஓ2லயே.

வெட்டுக்கிளி:
எட்டுக்கு நாலு ஷீட்டை அவர் ரம்பத்துல அறுத்துக்கிட்டே இருக்கணுமா? முன்னாடி பின்னாடி திறக்கிற பாஸ்த்ரூ கதவோட 1390 எடுத்தா, பாதி உள்ள பாதி வெளியன்னு தள்ளித் தள்ளி வெட்டலாம்.

திருகாணி:
தள்ளட்டும், முதல்ல பாடி உள்ள வரணுமே. பெட்தான் 1300க்கு 900, பாடி அதைவிட எவ்வளவோ பெருசு. ரூம் கதவை அளந்தீங்களா?

பலகைக்கடை:
85 செமீ...

வெட்டுக்கிளி:
பாடி ரெண்டா பிரியிற மாடல் இருக்கு, கேட்டு வாங்குங்க. இல்லன்னா நிலையைக் கழட்டணும்.

சின்னமேசை:
6040 😌