விருதுக்கு ஒருவரைப் பரிந்துரைத்த அனுபவம்: அறிவியல் வரலாற்று ஆட்கள் மட்டும் வாங்க

வடக்குவீதி:
வாழ்நாள் பணிக்கான சார்ட்டன் பதக்கம், கணித வரலாற்றுக்கான மே பரிசு, நூலுக்கான பைசர் விருது பத்தியெல்லாம் இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. நேரா விஷயத்துக்கு வரேன்.

பழைய தமிழ்க் கணித நூலான கணக்கதிகாரத்தின் சுவடிகளோடவே காலத்தை ஓட்டின எங்க பேராசிரியருக்காக வெளிநாட்டு அமைப்பு ஒண்ணுக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதினேன். "தேதியெல்லாம் சரியான்னு மட்டும் பார்த்துடுங்க சார்"னு கொடுத்தேன். மறுநாள் திரும்பி வந்தது. தேதியில் கையே வைக்கலை. ஈடு இணையற்றவர், முன்னோடி, முதன்முதலாக என்கிற தினுசில் நான் ஆங்கிலத்தில் அடுக்கியிருந்ததை எல்லாம் சிவப்பு மையால் அடிச்சிருந்தார். அடிச்ச ஒவ்வொரு இடத்துக்கும் நேரா ஓரத்தில் ஒரு சுவடி எண், எந்த நூலகம், எத்தனை ஓலை, அதில் எத்தனை செல்லரிச்சது. முந்திரிக்கும் (1/320) கீழே போகும் பின்ன வாய்பாட்டைப் பல பிரதிகளோட ஒப்பிட்டுத் திருத்தினதை அவர் கணக்கில் சேர்த்திருந்தேன். அந்தப் பத்தியை மொத்தமா அடிச்சுட்டு, "இது நான் செய்ததில்லை, என் மாணவன் செய்தது" என்று எழுதியிருந்தார்.

அவர் திருத்தினபடியே அனுப்பினோம். பதில் இல்லை. இந்த மாதிரி இடங்களில் பதில் வராதுன்னு தெரியும். ஆனா தமிழ் தெரியாத ஒரு குழு அந்தச் சுவடி எண்களை வச்சுக்கிட்டு என்ன பண்ணியிருக்கும்? இன்னிக்கும் யோசிக்கிறேன்.

கட்டுக்கயிறு:
பதிப்பகத்தில் இருக்கேன். நூலுக்கான விருதுன்னா குழுவில் இருக்கிற ஒவ்வொருத்தர் வீட்டுக்கும் தனித்தனியாப் பிரதி போகணும், செலவு நம்மது. தபால் ஆபீஸ் கவுண்டரில் சுங்கப் படிவம் நிரப்பறேன். உள்ளே இருந்த அம்மா, "மதிப்பு என்ன போடறது?"ன்னாங்க. விக்கிறதுக்கு இல்லைங்க, போட்டிக்கு மாதிரிப் பிரதி, சைபர்னு போட்டுக்குங்கன்னேன். அவங்க பேனாவைக் கீழே வச்சாங்க. "ஒண்ணுமே பெறாத பொருளுக்கா இவ்வளவு தபால் செலவு பண்றீங்க?" பின்னாடி வரிசையில் நின்னவர் சிரிச்சார். எழுதினவரும் பக்கத்திலேயே நின்னுட்டிருந்தார். அவர் சிரிக்கலை.

மேசைவிளக்கு:
ஒரு சின்ன விருதுக் குழுவில் இருந்திருக்கேன். எதுன்னு சொல்லமாட்டேன். ஒருத்தருக்கு நாலு ஆதரவுக் கடிதம் வந்தது, நாலு ஊர், நாலு கையெழுத்து. நாலிலும் நீலகண்ட சோமயாஜியின் கேரள வானியல் நூலான தந்திரசங்கிரகம் நூறு வருஷம் தள்ளி, 1600-ஐ ஒட்டி எழுதப்பட்டதா இருந்தது. நாலுக்கும் அப்பன் ஒருத்தன்தான்னு புரிஞ்சுது. எதிரே இருந்தவர் நாலையும் வரிசையா மேசையில் பரப்பி, அந்த ஒரு எண்ணின் மேல மட்டும் விரலை வச்சுக் காட்டினார். யாரும் எதுவும் பேசலை.

அதனால சொல்றேன். ஆதரவுக் கடிதம் எழுதறவருக்கு வாசகம் அனுப்பாதீங்க, தகவல் மட்டும் அனுப்புங்க. ஒருத்தர் மூல நூல் பதிப்பைப் பத்தி எழுதட்டும், இன்னொருத்தர் கட்டுரைகளைப் பத்தி, மூணாமவர் அவர்கிட்ட படிச்சவங்க இப்ப என்ன செய்றாங்கன்னு. முதல் பத்தியிலேயே, இவருக்கு முன்னாடி துறை என்ன நம்பிட்டிருந்தது, இவருக்கு அப்புறம் எதை நம்ப முடியாமப் போச்சுன்னு வரணும். பிறந்த ஊர், படிச்ச பள்ளிக்கூடம் எல்லாம் வேண்டாம். பரிந்துரைக்கிறவர் அதே துறையில் அடுத்த அறையில் உட்காரறவரா இருக்கக் கூடாது. நூல்னா பதிப்புரிமைப் பக்கத்தில் போட்ட வருஷத்தைப் பாருங்க, கடைக்கு வந்த வருஷம் வேறயா இருக்கும். பைசருக்கு முந்தைய மூணு வருஷத்துக்குள்ள வந்த ஆங்கில நூலா இருக்கணும், அந்தக் கணக்கில் தவறிப் போனவங்க உண்டு. தமிழ் நூலை அங்கே அனுப்பிட்டு நியாயம் கேட்காதீங்க. வாழ்நாள் பணிக்கான விருதுகளைப் பாருங்க.

வடக்குவீதி, உங்க சார் செய்தது சரி. ஆனா சுவடி எண்ணுக்குப் பக்கத்தில், அதனால என்ன தெரிய வந்ததுன்னு ஒரு வரி சேர்த்திருக்கலாம்.

ஓலைப்பெட்டி:
அனுபவம் கேட்டா வகுப்பு நடத்தறீங்க மேசைவிளக்கு. அடுத்த அறைக்காரர் எழுதக் கூடாதுன்னா சுவடிக் கணக்கை யார் எழுதுவாங்க? தெரிஞ்சவங்களே விரல் விட்டு எண்ணுற அளவுதான்.

கணித வரலாற்றாளர் ராதா சரண் குப்தாவை எடுத்துக்குங்க. 1979-லேயே கணித பாரதிங்கிற கணித வரலாற்று இதழைத் தொடங்கினவர். 2009-ல் கணித வரலாற்றுக்கான கென்னத் மே பரிசு, ஐவர் கிராட்டன்-கின்னஸ்ங்கிற இங்கிலாந்துக்காரரோட சேர்த்து. அந்தப் பரிசு வாங்கின முதல் இந்தியர் அவர்தான். இங்கே பத்மஸ்ரீ எப்போ? 2023. வெளியூர் தராசில் நிறுத்த பிறகும் உள்ளூர்க்காரனுக்குப் பதினாலு வருஷம். என் அனுபவம்னு கேட்டா, இப்படிப்பட்ட ஒரு முதியவருக்காக ஒரு அலுவலகத்தில் போய்ப் பேசினேன். "அறிவியலா, வரலாறா, எந்தப் பிரிவுன்னு முடிவு பண்ணிட்டு வாங்க"ன்னு ஃபைலை மூடினாங்க. அவ்வளவுதான்.

இரவுரயில்:
மேசைவிளக்கு சொன்ன வெளியாள் விஷயம் உண்மைதான். நோபல் ஆவணங்களைப் பாருங்க, அம்பது வருஷம் கழிச்சுத் திறக்கிறாங்க. இயற்பியலாளர் சத்யேந்திரநாத் போஸை 1956-ல் கேதாரேஸ்வர் பானர்ஜி பரிந்துரைச்சார், 1959-ல் டி.எஸ். கோத்தாரி, 1962-ல் இன்னும் ரெண்டு பேர். எல்லாரும் இந்தியர்கள். நோபல் தரப்பில் மதிப்பிட்டவர் சுவீடன் இயற்பியலாளர் ஆஸ்கர் கிளைன், பரிசுக்கு உரியதில்லைன்னு முடிச்சுட்டார்.

ஓலைப்பெட்டி:
நோபல் பேச்சு இங்கே எதுக்கு? வெள்ளைக்காரர் ஒருத்தர் கையெழுத்துப் போட்டிருந்தா மட்டும் கிளைன் மாத்தி எழுதியிருப்பாரா? அப்புறம் பத்ம விருதுக்கு யாரும் யாரையும் பரிந்துரைக்கலாம், தன்னைத்தானேகூட. இணையத்தில் 800 சொல்லுக்குள்ள எழுதினாப் போதும்னு எனக்கும் தெரியும். யாராவது சொல்ல வர்றதுக்கு முன்னாடி நானே சொல்லிட்டேன்.

அடிக்குறிப்பு:
ரெண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்க.

எங்க துறையில் ஒரு வருஷம் ரெண்டு பேருக்குக் கடிதம் தயாராச்சு, ஒரு ஆண், ஒரு பெண். இரண்டும் ஒரே ஆள் எழுதினது, சரிபார்க்க என்கிட்ட வந்தது. அவருக்கு "புதிய பாதை வகுத்தவர்". முப்பது வருஷமா அரபி வானியல் நூல்களை மொழிபெயர்த்த அந்த அம்மாவுக்கு "பொறுமைசாலி, மாணவர்களிடம் கனிவானவர், எந்நேரமும் உதவத் தயங்காதவர்". அவங்க தப்புன்னு நிரூபிச்ச பழைய பதிப்பைப் பத்தி ஒரு வார்த்தை இல்லை. கேட்டேன். "கனிவுன்னு சொன்னா குறையா?"ன்னு திருப்பிக் கேட்டார்.

பெண்கள் உழைப்பு ஆண்கள் பேரில் ஏறிப்போறதுக்கு 1993-ல் மட்டில்டா விளைவுன்னு பேர் வச்சது அறிவியல் வரலாற்றாளர் மார்கரெட் ராசிட்டர். அமெரிக்கப் பெண் விஞ்ஞானிகளைப் பத்தின மூணு தொகுதியில் முதலாவது 1982-ல் வந்தது. அவங்க பேரில் ஒரு பரிசே 2004-லிருந்து இருக்கு. சார்ட்டன் பதக்கம் அவங்களுக்குக் கிடைச்சது 2022-ல். தன் பேரில் பரிசு வந்து பதினெட்டு வருஷம் கழிச்சு! இதை யாராவது விளக்குங்க.

மேசைவிளக்கு:
அந்தக் கடிதம் கடைசியில் எப்படிப் போச்சு?

அடிக்குறிப்பு:
நான் மாத்தினேன். அவர் "கனிவானவர்" மட்டும் இருக்கட்டும்னார். இருந்தது.

ஆய்வுமாணவி:
நான் சின்ன ஆள். ஆய்வு மாணவர்களுக்கான கட்டுரைப் பரிசுகளுக்கு நாமே அனுப்பலாம்னு போட்டிருந்ததால கைடுகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடலாம்னு போனேன். டீ குடிச்சுட்டிருந்தார். முழுசாக் கேட்டுட்டு, "எனக்கே யாரும் எதுவும் கொடுக்கலை, உனக்கு எதுக்கு இப்ப?"ன்னார். கோபமாக்கூட இல்லை, மழை வருமான்னு கேக்கற குரலில். பிஸ்கட் தட்டை என் பக்கம் நகர்த்தினார். எடுத்துக்கிட்டேன். அன்னிக்கு ராத்திரியே கட்டுரையை அனுப்பிட்டேன்.

இரவுரயில்:
கைடு பெயரை நன்றியில் போட்டீங்களா?

ஆய்வுமாணவி:
பெயர் மறைச்சுப் படிக்கிற போட்டி அண்ணா, நன்றியே போடக் கூடாது. இன்னிக்குக் காலையில் அவர்கிட்டேருந்து வாட்ஸ்அப்: "பத்ம விருதுக்கு யார் வேணா பரிந்துரைக்கலாமாமே. 800 சொல்தானாம். நீ நல்லா எழுதுவியே." கூடவே அவரோட பயோடேட்டா, பி.டி.எஃப்., நாற்பது பக்கம்.