கூகுள் மேப் முகவரிகளை கார்மின் நுவிக்கு ஏற்ற உதவி தேவை: பெருந்துறை குடோன் சங்ககிரிக்குக் கிழக்கே காட்டுகிறது

லோடுவண்டி:

வணக்கம். கூகுள் மேப்பில் 86 இடங்கள் சேமித்திருக்கிறேன். எல்லாம் ஈரோடு, பெருந்துறை, பவானி, கோபி சுற்றுவட்டாரத்தில் உள்ள குடோன், அரிசி ஆலை, நூல் மில். வண்டியில் இருப்பது பழைய கார்மின் நுவி என்ற ஜிபிஎஸ் வழிகாட்டிக் கருவி. இடங்களை அதில் ஏற்ற வேண்டும்.

முகவரியை நுவியிலேயே தேடினால் பாதிக்கு மேல் கிடைக்கவில்லை. அதனால் கூகுள் மேப்பில் வலது கிளிக் செய்து வரும் எண்களைப் பார்த்து நுவியில் கையால் அடித்தேன். ஈரோடு இடம் 11.3410, 77.7172. இதை அடித்தால் ஏற்கவே மாட்டேன் என்கிறது. பெருந்துறை இடம் 11.2756, 77.5874. இதை ஏற்றுக்கொண்டது, ஆனால் புள்ளி சங்ககிரிக்கும் கிழக்கே போய் விழுகிறது. கருவி பழுதா? சாட்டிலைட் சிக்னல் முழுதாக இருக்கிறது.

இன்னொன்று, முன்பு கூகுள் மேப்பிலேயே ஜிபிஎஸ்ஸுக்கு அனுப்பும் பட்டன் இருந்ததே, அது எங்கே போனது?

அட்சரேகை:

கருவி நன்றாகத்தான் இருக்கிறது. எண்ணை அடிக்கும் திரையில் கட்டங்களை ஒருமுறை உற்றுப் பாருங்கள். டிகிரி குறி முதல் எண்ணுக்கு அடுத்தே வந்து, கடைசியில் ஒற்றைக் கோடு மாதிரி ஒரு குறி இருக்கும். அது டிகிரி–நிமிட முறை. கூகுள் தருவது தசம டிகிரி. நீங்கள் 11.2756 என்பதை 11 டிகிரி 27.56 நிமிடம் என்று அடித்திருக்கிறீர்கள். ஒரு டிகிரிக்கு 60 நிமிடம்தான், 100 அல்ல.

சரியான கணக்கு: புள்ளிக்குப் பின்னால் உள்ளதை 60ஆல் பெருக்க வேண்டும். 0.2756 × 60 = 16.536. ஆகவே 11° 16.536'. அதேபோல 77.5874 என்பது 77° 35.244'. நீங்கள் அடித்ததோ 77° 58.74'. இதனால் புள்ளி வடக்கே சுமார் 20 கி.மீ., கிழக்கே சுமார் 43 கி.மீ. நகர்ந்துவிட்டது. சங்ககிரி தாண்டியதற்குக் காரணம் இதுதான்.

ஈரோட்டை ஏற்க மறுத்ததும் இதே கோளாறுதான். 77.7172ஐ 77 டிகிரி 71.72 நிமிடம் என்று வாசிக்கிறது. 71 நிமிடம் என்று ஒன்று கிடையாது, அதனால் தள்ளிவிட்டது. புள்ளிக்குப் பின் வரும் முதல் இரண்டு இலக்கம் 60க்குக் கீழே இருந்தால் சத்தமில்லாமல் தப்பான இடத்தை ஏற்கும், 60 அல்லது அதற்கு மேல் என்றால் மறுக்கும். கொஞ்சத்தை ஏற்று கொஞ்சத்தை மறுக்கிறது, ஏற்றதெல்லாம் வடகிழக்காகவே நகர்ந்திருக்கிறது என்றால் வேறு எதையும் சோதிக்க வேண்டியதில்லை.

தீர்வு கணக்குப் போடுவது அல்ல. வேர் டு → கோஆர்டினேட்ஸ் திரையில் ஃபார்மட் என்று ஒரு பட்டன் இருக்கும். அதில் டிகிரிக்குப் பின் ஐந்து தசம இடம் காட்டும் முறையைத் தேர்ந்தெடுங்கள். பிறகு கூகுள் எண்ணை அப்படியே அடிக்கலாம். டேட்டம் (எண்களை எந்த அடிப்படையில் அளப்பது என்ற முறை) கேட்டால் டபிள்யூஜிஎஸ் 84. பழைய சர்வே வரைபடத்துக்காக யாராவது இந்தியன் டேட்டத்துக்கு மாற்றி வைத்திருந்தால், நம் பக்கத்தில் ஓரிரு நூறு மீட்டர் நகரும். உங்களுடையது கிலோமீட்டர் கணக்கு, அதனால் அது இல்லை.

ஐந்து தசம இடம் என்றால் ஏறக்குறைய ஒரு மீட்டர். நான்கு என்றால் 11 மீட்டர், அதுவும் வண்டிக்குப் போதும். மூன்றோடு நிறுத்தினால் 111 மீட்டர், அடுத்த தெருவுக்குப் போய்விடும்.

பழையகேபிள்:

அந்தப் பட்டன் விஷயம்: கார்மினின் கம்யூனிகேட்டர் என்ற பிளக்-இன் (துணைச் செயலி) பிரவுசருக்குள் உட்கார்ந்து கருவியோடு பேசியது. அது என்பிஏபிஐ என்ற பழைய பிளக்-இன் முறையில் ஓடியது. 2015 செப்டம்பரில் குரோம் 45ஆம் பதிப்பு அந்த முறையை முற்றிலும் நீக்கியது. 2017 மார்ச்சில் ஃபயர்ஃபாக்ஸ் 52 கைவிட்டது. பிரவுசர் வழியாக நேராக அனுப்பும் வழி அதோடு அடைபட்டது. பழைய வீடியோக்களைப் பார்த்து அந்த பிளக்-இன்னைத் தேடி இறக்காதீர்கள். கண்ட தளங்களில் அந்தப் பெயரில் கிடப்பதை நம்ப முடியாது. இப்போது கோப்பாகச் செய்து யுஎஸ்பி கேபிளில் ஏற்றுவதுதான் வழி.

கேபிளிலும் ஒரு வம்பு. கார் சார்ஜரோடு வரும் கேபிளில் மின்சாரம் மட்டுமே போகும். டேட்டா போகும் மினி யுஎஸ்பி கேபிளைச் சொருகினால் நுவித் திரையில் கம்ப்யூட்டர் படம் வரும். மேப் வழக்கம்போல ஓடிக்கொண்டிருந்தால் அது வெறும் சார்ஜ் கேபிள். கோப்பு ஏறவில்லை என்று வரும் புகாரில் பாதி இங்கேதான் முடியும்.

மண்டிக்கணக்கு:

86 இடத்தைக் கையால் அடிப்பது வீண் வேலை. ஆனால் முதலில் ஒரு கேள்வி: அவை கூகுள் மேப்பில் நட்சத்திரம் போட்டவையா, தனியாக லிஸ்ட் பெயர் வைத்துச் சேர்த்தவையா?

நம் தரவைக் கோப்பாக இறக்கித் தரும் கூகுள் டேக்அவுட்டில் இரண்டும் வேறு வேறு இடத்தில் வரும். நட்சத்திரம் போட்டவை ஜேசன் கோப்பாக, அட்சம் தீர்க்கம் எண்களோடு வரும். லிஸ்டில் வைத்தவை சிஎஸ்வி (கமாவால் பிரித்த பட்டியல்) கோப்பாக வரும். அதில் பெயர், குறிப்பு, லிங்க் அவ்வளவுதான், எண் இருக்காது. அதை நேராக மாற்ற முயன்றால் காலியான கோப்புதான் கிடைக்கும்.

லோடுவண்டி:

லிஸ்ட்தான் சார். டேக்அவுட்டில் எடுத்தும் பார்த்தேன், நீங்கள் சொன்னபடி லிங்க் மட்டும்தான் இருக்கிறது. லிங்க்கைத் திறந்தால் மேலே அட்ரஸ் பாரில் @ குறிக்குப் பிறகு எண் வருகிறது. அதை எடுத்துக்கொள்ளலாமா?

மண்டிக்கணக்கு:

வேண்டாம். @ குறிக்குப் பின்னால் வருவது திரையின் நடுப்புள்ளி, இடத்தின் புள்ளி அல்ல. மேப்பைக் கொஞ்சம் இழுத்தாலே அந்த எண் மாறும். அதே லிங்க்கில் இன்னும் வலது பக்கம் போனால் ஆச்சரியக்குறி போட்டு 3டி, அடுத்து ஆச்சரியக்குறி போட்டு 4டி என்று இரண்டு இருக்கும். 3டிக்குப் பின் அட்சம், 4டிக்குப் பின் தீர்க்கம். இடத்தின் உண்மையான புள்ளி அதுதான்.

அதைவிட நல்லது, சாட்டிலைட் காட்சிக்கு மாறி, கேட் இருக்கும் இடத்தில், ரோட்டை ஒட்டி வலது கிளிக் செய்யுங்கள். மெனுவில் முதல் வரியில் எண் இருக்கும், அதைத் தட்டினால் காப்பி ஆகிவிடும். ஏன் கேட் என்கிறேன் என்றால், நுவி உங்கள் புள்ளிக்கு மிக அருகில் உள்ள ரோட்டுக்குத்தான் வழி காட்டும். மில்லின் கூரை நடுவில் புள்ளி வைத்தால், பின்பக்கச் சந்து கிட்ட இருந்தால் லாரியை அங்கே கொண்டுபோய் நிறுத்தும்.

காப்பி செய்ததை எக்செல்லில் ஒட்டினால் இரண்டு எண்ணும் ஒரே கட்டத்தில் விழும். டேட்டா மெனுவில் டெக்ஸ்ட் டு காலம்ஸ் போய் கமா, ஸ்பேஸ் இரண்டையும் டிக் செய்து பிரியுங்கள். ஸ்பேஸை விட்டால் இரண்டாவது எண்ணுக்கு முன் ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டு வந்து பின்னால் தொல்லை கொடுக்கும்.

அட்சரேகை:

இங்கே ஒரு குறுக்குவழி எடுப்பவர்கள் உண்டு. முகவரிப் பட்டியலை எக்செல்லாக கூகுள் மை மேப்ஸில் (நாமே மேப் உருவாக்கும் சேவை) ஏற்றினால் அதுவே புள்ளி வைத்துவிடும். ஒரு லேயருக்கு 2000 வரி வரை ஏற்கும். வேகமாக நடக்கும், ஆனால் மூன்று இடத்தில் காலை வாரும்.

ஒன்று, ஏற்றுமதி செய்யும்போது "நெட்வொர்க் லிங்க்" என்று உள்ளதை டிக் செய்தால் கோப்பில் இணைய முகவரி மட்டுமே இருக்கும், புள்ளிகள் இருக்காது. அதை விட்டுவிட்டு, கேஎம்இசட் (சுருக்கிய கோப்பு) வேண்டாம், நேராகப் படிக்க முடிகிற கேஎம்எல் என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

இரண்டு, முகவரியை வைத்து ஏற்றிய லேயரில் புள்ளி மேப்பில் தெரிந்தாலும், ஏற்றுமதியில் எண்ணுக்குப் பதில் முகவரி எழுத்தே வரலாம். இறக்கிய கோப்பை நோட்பேடில் திறந்து எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

மூன்றாவதுதான் மோசமானது. மாரியம்மன் கோவில் தெரு எந்த ஊரில் இல்லை? கதவு எண் பிடிபடாதபோது தேடல் பின்வாங்கி, பின்கோடு பகுதியின் நடுவிலோ ஊரின் நடுவிலோ புள்ளியைப் போட்டுவிடும். பார்க்க எல்லாம் சரியாகத் தெரியும். கண்டுபிடிக்க எண் நெடுவரிசையை எக்செல்லில் வரிசைப்படுத்துங்கள். இரண்டு வெவ்வேறு குடோனுக்குக் கடைசி தசம இடம் வரை ஒரே எண் வந்தால், அவை இரண்டுமே நடுப்புள்ளிக்கு விழுந்தவை.

மண்டிக்கணக்கு:

எண்கள் தயாரான பிறகு இரண்டு வழி.

முதல் வழி ஜிபிஎக்ஸ் கோப்பு, ஜிபிஎஸ் கருவிகள் படிக்கும் கோப்பு வகை. எக்செல்லில் தலைப்பு வரியில் லாட், லான், நேம் என்று ஆங்கிலத்தில் போட்டு சிஎஸ்வியாகச் சேமியுங்கள். ஜிபிஎஸ்பேபல் என்ற இலவச மென்பொருளில் உள்ளீடு யுனிவர்சல் சிஎஸ்வி, வெளியீடு ஜிபிஎக்ஸ். மென்பொருள் இறக்க மனமில்லாவிட்டால் ஜிபிஎஸ் விஷுவலைசர் தளமும் இதைச் செய்யும். வந்த கோப்பை நுவியின் கார்மின் ஃபோல்டருக்குள் ஜிபிஎக்ஸ் ஃபோல்டரில் போட்டு, கம்ப்யூட்டரில் எஜெக்ட் கொடுத்து, பிறகு கேபிளைப் பிடுங்குங்கள். இடங்கள் சேவ்டு பகுதியில், பழைய மாடல் என்றால் ஃபேவரிட்ஸில் வரும். உங்கள் கோப்புக்கு கரண்ட் என்று மட்டும் பெயர் வைக்காதீர்கள். நுவி தன் சேமித்த இடங்களை அந்தப் பெயரில்தான் வைத்திருக்கிறது, மேலே எழுதினால் பழையது போய்விடும். முதலில் அந்தக் கோப்பை கம்ப்யூட்டரில் ஒரு நகல் எடுத்துக்கொள்வது உத்தமம்.

இரண்டாவது வழி கார்மின் பாய் லோடர், நம் இடங்களைக் கருவியில் ஏற்றும் கார்மினின் மென்பொருள். 86 இடம், அதிலும் குடோன், ஆலை, மில் என்று வகை இருப்பதால் உங்களுக்கு இதையே சொல்வேன். வகைக்கு ஒரு சிஎஸ்வி கோப்பு. கோப்பின் பெயரே நுவியில் வகைப் பெயராகத் தெரியும். இதில் தலைப்பு வரி வேண்டாம், ஒவ்வொரு வரியும் இப்படி:

77.58740,11.27560,"பெருந்துறை குடோன்","பின் கேட், 2 மணிக்குப் பின் லோடு"

தீர்க்கம் முதலில், அட்சம் பிறகு. கூகுள் தருவதற்கு நேர் தலைகீழ். மாற்றிப் போட்டால் பெருந்துறை குடோன் ஸ்வால்பார்ட் தீவுக்கு மேற்கே ஆர்க்டிக் கடலில் மிதக்கும். இந்திய நிலப்பரப்புக்கு அட்சம் 8 முதல் 37 வரை, தீர்க்கம் 68 முதல் 97 வரை. முதல் நெடுவரிசையில் 77 நிற்கிறதா என்று ஒரு பார்வை போதும். குறிப்புக்குள் கமா வந்தால் இரட்டை மேற்கோள் கட்டாயம்.

பெயரைப் புரிவதற்காகத் தமிழில் எழுதினேன். நீங்கள் ஆங்கில எழுத்தில் அடியுங்கள், கருவியின் எழுத்துருவில் தமிழ் இல்லாவிட்டால் வெறும் கட்டங்களாகத் தெரியும்.

சிக்கல் ஒன்று: பாய் லோடர் ஒவ்வொரு முறையும் பழைய தொகுப்பை அழித்துவிட்டுப் புதியதை எழுதும். நாளை ஐந்து இடம் சேர்க்க ஐந்து வரி மட்டும் உள்ள கோப்பை ஏற்றினால் ஐந்துதான் மிஞ்சும். மூன்று சிஎஸ்வியையும் ஒரே ஃபோல்டரில் வைத்து, அதையே திருத்தி, முழு ஃபோல்டரையும் திரும்ப ஏற்றுங்கள்.

இரட்டைச்சக்கரம்:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என்னிடம் இருப்பது பைக்குக்கான கார்மின் ஸூமோ எக்ஸ்டி கருவி, கம்ப்யூட்டர் மேக். கேபிள் சரியானதுதான், ஆனாலும் டிரைவாகத் தெரியவில்லை.

பழையகேபிள்:

ஸூமோ எக்ஸ்டி மாதிரிப் புதிய கருவிகள் எம்டிபி முறையில் இணையும், பென் டிரைவ் போல அல்ல. விண்டோஸ் அதைத் தானாகப் புரிந்துகொள்ளும், மேக் புரிந்துகொள்ளாது. ஓப்பன்எம்டிபி என்ற இலவச செயலியைப் போட்டால் ஃபோல்டர் தெரியும். கார்மின் எக்ஸ்பிரஸ் (கருவியைப் புதுப்பிக்கும் மென்பொருள்) திறந்திருந்தால் முதலில் மூடுங்கள், ஒரு நேரத்தில் ஒரு மென்பொருள்தான் எம்டிபி கருவியைப் பிடிக்க முடியும்.

ஓரிரண்டு இடத்துக்கு இந்தப் பாடே வேண்டாம். போனில் கார்மின் டிரைவ் செயலியில் இடத்தைத் தேடி புளூடூத்தில் கருவிக்கு அனுப்பலாம். பழைய நுவிக்கு இது பொருந்தாது.

லோடுவண்டி:

பாய் லோடர் வழியில் ஏறிவிட்டது. ஃபார்மட் மாற்றியதும் பெருந்துறை, ஈரோடு இரண்டும் சரியான இடத்தில் நிற்கின்றன. வரிசைப்படுத்திப் பார்த்ததில் ஏழு இடங்களுக்கு ஒரே எண். பட்டியலில் கொஞ்சத்தை மை மேப்ஸ் வழியாக எடுத்திருந்தேன், அவைதான். அந்த ஏழுக்கும் வாட்ஸ்அப்பில் லொகேஷன் கேட்டிருக்கிறேன். அதிலிருந்து எண் எடுக்கலாமா?

அட்சரேகை:

எடுக்கலாம். வாட்ஸ்அப் வெப்பில் அந்த மேப் படத்தைத் தட்டினால் கூகுள் மேப் திறக்கும், லிங்க்கிலேயே எண் இருக்கும். அனுப்புபவரிடம் இரண்டு விஷயம் சொல்லிவிடுங்கள். கேட்டுக்கு வெளியே நின்று அனுப்ப வேண்டும். தகரக் கூரைக்கு அடியில் நின்றால் புள்ளி அலையும். திரையில் "துல்லியம்" என்று மீட்டரில் ஓர் எண் காட்டும், அது 10க்குக் கீழே இறங்கும் வரை பொறுத்து அனுப்பச் சொல்லுங்கள். லைவ் லொகேஷன் வேண்டாம், தற்போதைய இடம் என்பதை அனுப்பினால் போதும். லைவ் கொடுத்தால் நீங்கள் திறந்து பார்க்கும் நேரத்தில் அவர் டீக்கடையில் இருப்பார்.

லோடுவண்டி:

ஐந்து வந்துவிட்டது. ஏற்கெனவே சரியாக இருந்த 79 + 5. மீதி இரண்டு பேர் இன்னும் போனை எடுக்கவில்லை. முழு ஃபோல்டராகவே திரும்ப ஏற்றிவிட்டேன். நன்றி சார், அனைவருக்கும்.