கரித்துகள் மாசு: மாடல் மட்டும் போதுமா?

நகர்க்காற்று:
பெருநகரத்தின் கரித்துகள் மாசைக் கணிக்க, நகரத்தை ஒரு கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்து ஓட்டும் கணினி மாடல் போதும் என்பது என் கட்சி. வாகனம், அடுப்பு, ஆலை எல்லாவற்றின் உமிழ்வுப் பட்டியலையும் (எது எவ்வளவு மாசை வெளிவிடுகிறது என்ற கணக்கு) வானிலையையும் கொடுத்தால் நகரம் முழுவதுக்கும் மணிக்கு மணி வரைபடம் வந்துவிடும். அளவீட்டு நிலையங்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருக்கின்றன. நிலையங்களுக்கு நடுவில் குடியிருப்பவர்கள் என்ன செய்வார்கள்?

புகைக்கண்:
வரைபடம் வரும், சரி. அதில் எந்தக் கரியை நம்புவது? கரித்துகளில் இரண்டு வகை. ஒன்று புகைக்கரி, எரிபொருள் முழுதாக எரியாமல் வரும் கருப்புக் கரி; அது துகளாகவே வெளிவருகிறது. காற்று அதை எங்கே கொண்டுபோகிறது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. இன்னொன்று கரிமத் துகள், கரிமச் சேர்மங்களாலானது; அது அப்படியில்லை. பெரும்பங்கு ஆவியாக வெளிவந்து, காற்றில் ஆக்சிஜனேற்றமாகி, பிறகுதான் துகளில் படிகிறது. 2003இல் மெக்சிகோ நகரில் அளந்தபோது, இப்படி உருவான துகள் மாடல்கள் சொன்னதைவிடப் பல மடங்கு இருந்தது.

நகர்க்காற்று:
அது பழைய கதை. வாகனப் புகைக்குழாயிலிருந்து வரும் துகளிலும் ஒரு பகுதி ஆவியாகி, வினைபுரிந்து மறுபடி துகளாகும் என்று 2007இல் காட்டினார்கள். மாடல்களிலும் அது சேர்ந்துவிட்டது.

புகைக்கண்:
சேர்ந்தது, ஆனால் அந்த ஆவிகளில் பல உமிழ்வுப் பட்டியலிலேயே இல்லை. அவற்றின் அளவாகத் துகள் உமிழ்வை ஒன்றரையால் பெருக்கிப் போடுவது இன்றும் நடக்கிறது. அந்த எண்ணை மாற்றினால் விடையும் மாறும். பெயின்ட், துப்புரவுத் திரவம், வாசனைப் பொருட்களிலிருந்து வரும் ஆவிகள் எவ்வளவு பெரிய பங்கு என்பதே 2018 வாக்கில்தான் பலருக்கு உறைத்தது.

தெருமுனை:
கலவை அடுக்கை, அதாவது தரையிலிருந்து புகை கலந்து பரவும் காற்று அடுக்கைப் பற்றி இரண்டு பேருமே பேசவில்லையே! அதிகாலையில் அது தரையை ஒட்டிச் சில நூறு மீட்டருக்குள் கிடக்கும், வெயில் ஏறினால் ஒரு கிலோமீட்டரைத் தாண்டும். காலை நெரிசல் நேரத்தில் அடுக்கு 150 மீட்டராக இருக்க, மாடல் 300 என்று எடுத்துக்கொண்டால் புகைக்கரி ஏறக்குறைய பாதியாகக் குறைந்து தெரியும். யாராவது உமிழ்வை இரட்டிப்பாக்கிச் சரிக்கட்டுவார்கள். நிலையத்தின் எண்ணோடு அழகாகப் பொருந்தும். இரண்டு தவறு சேர்ந்து கொடுத்த பொருத்தம் அது. அப்புறம் டீசல் வாகனங்களைக் குறைத்தால் எத்தனை டன் புகைக்கரி குறையும் என்று கேட்டால் மாடல் இரு மடங்கு மிகையாகச் சொல்லும். எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான்.

நகர்க்காற்று:
அதற்காக மாடலை ஒதுக்க முடியாது. பிஎம் 2.5 (2.5 மைக்ரோமீட்டருக்கு மிகாத நுண்துகள்கள்) மொத்தத்தோடு மட்டும் ஒப்பிடாமல், பெரும்பாலும் புகைக்கரியே உறிஞ்சும் 880 நானோமீட்டர் அலைநீள ஒளியின் உறிஞ்சலை வைத்துப் புகைக்கரியைத் தனியே ஒப்பிடலாம். முதலில் அது பொருந்தட்டும், கரிமத் துகளைப் பிறகு பார்ப்போம். ஆனால் கருவியைச் சாலையோரத்தில் வைக்காதீர்கள், ஒரு கிலோமீட்டர் கட்டத்தின் சராசரியை அது காட்டாது.

புகைக்கண்:
ஒப்பிடும் வழி சரிதான். இடம் பற்றித்தான் உடன்பாடில்லை. மக்கள் மூச்சுவிடுவது கட்டத்தின் சராசரியை அல்ல. இருபுறமும் உயர்ந்த கட்டடம் நிற்கும் குறுகிய தெருவில் புகை வெளியேறாமல் சுழலும், உங்கள் கட்டத்துக்கு அது தெரியவே தெரியாது. கூரைமேல் ஒரு கருவி வையுங்கள், சாலையோரத்திலும் ஒன்று வையுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத் தெரு அளவிலான மாடல் ஒன்று விளக்கட்டும், அதன்பிறகு உங்கள் வரைபடத்தை ஏற்றுக்கொள்கிறேன்.