நித்தியகல்யாணிக் கசாயம்: எலும்புக்குப் பரவிய மார்பகப் புற்றுக்குக் கொடுக்கலாமா?

திருமங்கலத்து மகள்:
வணக்கம். என் அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் இடுப்பெலும்புக்குப் பரவியிருக்கிறது. தமாக்ஸிபென் மாத்திரை சாப்பிட்டு வருகிறார். புற்றுநோய் மருந்தே நித்தியகல்யாணியிலிருந்துதான் எடுக்கப்படுகிறது என்று சொல்லி, பக்கத்து வீட்டுப் பெரியம்மா அதன் இலையோடு மஞ்சளும் மிளகும் சேர்த்துக் கசாயம் வைத்துக் கொடுக்கச் சொல்கிறார். கொடுக்கலாமா?

மருந்தியல் ஆசிரியர், மதுரை:
பெரியம்மா சொன்னதில் பாதி உண்மை, அம்மா. சர்க்கரை நோய்க்கு உதவுமா என்று கனடாவில் நோபிள், பீர் என்ற ஆய்வாளர்கள் இச்செடியின் சாற்றை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது, சர்க்கரை குறையாமல் வெள்ளணுக்கள் குறைந்தன. அதைத் தொடர்ந்துதான் 1958-இல் வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து பிரித்தெடுக்கப்பட்டது. அதன் வழிவந்த வினோரெல்பின், பரவிய மார்பகப் புற்றுக்கு இன்றும் கொடுக்கப்படுகிறது. யூ மரப்பட்டையிலிருந்து வந்த பாக்ளிடாக்சலும் அப்படியே. 1994-இல் மார்பகப் புற்றுக்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

ஆனால், ஒரு கிராம் வின்பிளாஸ்டின் பிரிக்க ஏறத்தாழ 500 கிலோ உலர்ந்த இலை வேண்டும். கசாயத்தில் நோயைத் தடுக்கும் அளவுக்கு மருந்து இறங்காது. இலையிலுள்ள ஆல்கலாய்டுகள் என்னும் மற்ற வீரியமான வேதிப்பொருள்களோ எவ்வளவு இறங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஊசி மருந்தாகக் கொடுக்கும்போதே ரத்த அணுக்களை எண்ணிப் பார்த்துத்தான் அளவை முடிவு செய்கிறார்கள்.

எனக்கு அதைவிடக் கவலை தருவது மஞ்சளும் மிளகும். தமாக்ஸிபென் கல்லீரலில் எண்டாக்ஸிபெனாக மாறித்தான் வேலை செய்கிறது. மாத்திரையோடு மஞ்சளிலுள்ள குர்குமினை மருந்தளவில் கொடுத்தபோது ரத்தத்தில் எண்டாக்ஸிபென் குறைந்ததையும், மிளகின் பைப்பரினைச் சேர்த்தபோது இன்னும் குறைந்ததையும் 2019-இல் வெளியான நெதர்லாந்து ஆய்வு காட்டியது. குழம்பில் போடும் மஞ்சள் வேறு, அதற்குத் தடையில்லை.

சாத்தூர் விவசாயி:
நாங்கள் மானாவாரியில் நித்தியகல்யாணி போட்டு, இலையையும் வேரையும் காயவைத்து வியாபாரிக்குக் கொடுக்கிறோம். வேலி இல்லாத காட்டிலும் ஆடு மாடு அதில் வாய் வைப்பதில்லை. கிள்ளினால் பால் வரும், அத்தனை கசப்பு. தயவுசெய்து கொடுத்துவிடாதீர்கள், தங்கச்சி.

திருமங்கலத்து மகள்:
நன்றி ஐயா, நன்றி அண்ணா. அமுக்கராப் பொடியாவது கொடுக்கலாமா?

மருந்தியல் ஆசிரியர், மதுரை:
அமுக்கராவிலுள்ள வித்தாஃபெரின்-ஏ, புற்று செல்கள் இடம்பெயர உதவும் விமென்டின் என்ற புரதத்தைத் தாக்கி, எலிகளில் நோய் பரவுவதைக் குறைத்திருக்கிறது. நம்பிக்கை தரும் ஆய்வுதான். ஆயினும் மனிதர்களில் அது மருந்தாக நிலைநாட்டப்படவில்லை, ஆகவே இப்போது வேண்டாம். இதற்குள் ஏதாவது கொடுத்திருந்தால், அடுத்த முறை போகும்போது அந்தப் பொடி டப்பாவையே எடுத்துச் சென்று புற்றுநோய் மருத்துவரிடம் காட்டுங்கள்.