மாதம் இருமுறை பறப்பவருக்கு விமானச் சந்தா கட்டுப்படியாகுமா?

டென்வர்வாசி (கேள்வி):

நண்பர்களுக்கு வணக்கம். நான் டென்வரில் வேலை பார்க்கிறேன். என் மனைவி டாலஸில் பணிபுரிகிறார். மாதத்தில் இரண்டு வாரம் வெள்ளிக்கிழமை மாலை கிளம்பி ஞாயிறு இரவு திரும்புவது மூன்று ஆண்டுகளாக வழக்கமாகிவிட்டது. மூன்று வாரம் முன்கூட்டியே பதிவு செய்தால் போக வரச் சராசரியாக 120 டாலர் ஆகிறது. ஃபிரான்டியர் விமான நிறுவனம் 2022 நவம்பரில் ‘கோ வைல்ட்’ என்ற ஓராண்டுச் சந்தா பாஸை அறிமுகப்படுத்தியபோது அதன் தொடக்க விலை 599 டாலர். பிறகு விலை மாறிக்கொண்டே வந்திருந்தாலும் அந்த 599ஐ வைத்தே கணக்குப் போட்டேன். பாஸ் வைத்திருப்பவருக்கு விமானக் கட்டணம் ஒரு சென்ட் மட்டுமே. வரியும் பிற கட்டணங்களும் சேர்ந்து ஒரு வழிக்குச் சுமார் 15 டாலர். ஆண்டுக்கு 24 முறை போய்வந்தால் 720 டாலர், பாஸ் விலையுடன் 1,319 டாலர். இப்போது எனக்கு ஆவதோ 2,880. பாதிக்கு மேல் மிச்சமாகிறது என்றால் எங்கோ ஒரு கண்ணி இருக்க வேண்டும் என்று மனம் சொல்கிறது. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

கணக்கப்பிள்ளை:

கண்ணி எங்கும் ஒளிந்திருக்கவில்லை; விதிமுறையில் வெளிப்படையாகவே இருக்கிறது. அந்தப் பாஸ் அறிமுகமான விதிப்படி, உள்நாட்டுப் பயணத்தை முந்தைய நாள்தான் பதிவு செய்ய முடியும். வெளிநாட்டுப் பயணத்துக்குப் பத்து நாள் முன்பிருந்து பதிவு செய்யலாம். சந்தை கலையும் நேரத்தில் கடைக்காரர் கூறு கட்டிக் கொடுக்கும் காய்கறி போன்றது இந்த இருக்கை. செவ்வாய்க்கிழமை மதியம் கூடை நிறைய மிஞ்சும். ஞாயிறு மாலை டாலஸிலிருந்து டென்வருக்குத் திரும்புவதற்கோ உங்களைப் போல நூறு பேர் காசு கொடுத்துக் காத்திருக்கிறார்கள். அங்கே என்ன மிஞ்சப்போகிறது?

உங்கள் கணக்கில் ஒரு வரியைச் சேர்த்துப் பாருங்கள். 24 பயணங்களில் நான்கு முறை மட்டும் ஞாயிறு இருக்கை கிடைக்காமல், வேறு நிறுவனத்தில் கடைசி நேரத்தில் 250 டாலர் கொடுத்து வந்தீர்கள் என்றால் ஆயிரம் டாலர் போயிற்று. இருக்கைக்கு அடியில் அடங்கும் சிறு பைக்கு மேல் எதை எடுத்துச் சென்றாலும் தனிக் கட்டணம் உண்டு. இரண்டு நாள் உடுப்போடு மடிக்கணினியையும் கொண்டு செல்பவர் அதையும் கூட்டிக்கொள்ள வேண்டும். நன்றி நவிலல் (தேங்க்ஸ்கிவிங்) வாரம், கிறிஸ்துமஸ் போன்ற நாட்களில் பாஸ் செல்லாது. மனைவியுடன் இருக்க வேண்டும் என்று நீங்கள் மிகவும் விரும்பும் நாட்கள் அவைதாம் அல்லவா?

இன்னொன்றைப் பலர் யோசிப்பதில்லை. விமானம் ரத்தானால் கட்டணத்தைத் திருப்பிக் கேட்கலாம் என்பது சரிதான். ஆனால் நீங்கள் கொடுத்த கட்டணமே ஒரு சென்ட்தான். எனக்கு இது நேர்ந்தது. நான் வைத்திருந்தது வேறொரு நிறுவனத்தின் பாஸ், பெயர் வேண்டாம். இரவு பத்து மணிக்கு விமானம் ரத்தாயிற்று. அவர்களின் அடுத்த விமானம் இரண்டு நாள் கழித்துத்தான். வரியும் சில்லறையும் திரும்பக் கிடைத்தன. வீடு வந்து சேர 340 டாலர் ஆயிற்று.

வாங்குவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். ஆறு வாரத்துக்குச் சனிக்கிழமை மாலைதோறும் மறுநாள் திரும்பும் விமானத்தின் சாதாரண விலையைக் குறித்து வையுங்கள். அது எகிறி நிற்கும் நாட்களில் பாஸுக்கு இருக்கை இருக்காது என்று கொள்வது பாதுகாப்பானது.

தேம்ஸ்கரை:

லண்டனிலிருந்து எழுதுகிறேன். அடிக்கடி பறப்பவருக்கு என்று சொல்லி விற்கிறார்கள். உண்மையில் இது நாள் கிழமை பார்க்கத் தேவையில்லாதவருக்கான சரக்கு. விஸ் ஏர் விமான நிறுவனம் 2024 ஆகஸ்டில் ஓராண்டுப் பாஸை முதலில் 499 யூரோவுக்கும் பிறகு 599 யூரோவுக்குமாகப் பத்தாயிரம் பேருக்கு மட்டும் என்று விற்றது. ஒவ்வொரு பறப்புக்கும் 9.99 யூரோ, புறப்படுவதற்கு முந்தைய 72 மணி நேரத்துக்குள்தான் பதிவு. நான்கு நாள் தங்குவதாக இருந்தால் திரும்பும் சீட்டு கையில் இல்லாமலேயே கிளம்ப வேண்டும் என்பதுதான் இதன் பொருள். லூட்டனில் இருக்கும் எங்கள் சித்தப்பா ஓய்வு பெற்றவர். புடாபெஸ்டில் இரண்டு நாள் கூடுதலாக இருக்க நேர்ந்தால் அதற்கும் மகிழ்வார். அவருக்கு அது கொள்ளை லாபம். திங்கட்கிழமை எட்டு மணிக்கு வேலைக்குப் போகும் எனக்கு வெறும் பிளாஸ்டிக் அட்டை.

பயணிக்கு உண்மையிலேயே லாபமாக இருந்த திட்டம் நீடிப்பதில்லை என்பதையும் கவனியுங்கள். ரயன்ஏர் 2025 மார்ச்சில் ஆண்டுக்கு 79 யூரோ சந்தாவில் ‘பிரைம்’ என்ற தள்ளுபடித் திட்டத்தைத் தொடங்கியது. சேர்ந்த 55,000 பேரிடமிருந்து வந்தது 44 லட்சம் யூரோ. அவர்கள் பெற்ற தள்ளுபடி 60 லட்சத்தைத் தாண்டியது. எட்டே மாதத்தில் முடித்துக்கொண்டார்கள். இதற்கெல்லாம் பாட்டன் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1981இல் இரண்டரை லட்சம் டாலருக்கு விற்ற ஆயுள்காலப் பாஸ். வாங்கியவர்கள் சிலர் ஆயிரக்கணக்கில் பறக்கவே, 2008இல் நிறுவனம் முறைகேடு என்று குற்றம் சாட்டிச் சிலரின் பாஸ்களைப் பறித்து வழக்காடியது.

சான்ஹோசே அப்பா:

எல்லாப் பாஸும் மிஞ்சிய இருக்கைப் பாஸ் அல்ல. அலாஸ்கா ஏர்லைன்ஸ் 2022 பிப்ரவரியில் தொடங்கியது வேறு வகை: ஆண்டுக்கு 6, 12 அல்லது 24 முறை போய்வரலாம், மாதச் சந்தா 49 டாலரிலிருந்து, அடிப்படைத் திட்டத்தில் பதினான்கு நாள் முன்பே பதிவு செய்துவிட வேண்டும் என்பது அப்போதைய விதி. நாள் தெரிந்து பயணம் செய்பவருக்கு இந்த வகைதான் பொருந்தும். சான் டியேகோவில் படிக்கும் மகனைப் பார்த்துவர நானும் யோசித்தேன். 49ஐப் பன்னிரண்டால் பெருக்கி ஆறால் வகுத்தால் ஒரு பயணத்துக்கு 98 டாலர், வரி தனி. தள்ளுபடிக் காலத்தில் அதைவிடக் குறைவாகவே சீட்டு கிடைத்துக்கொண்டிருந்ததால் விட்டுவிட்டேன். டாலஸ் அந்தத் திட்டத்தின் எல்லைக்குள் வரவில்லை என்பதால் உங்களுக்கு இது வெறும் ஒப்பீடுதான்.

டென்வர்வாசி:

அனைவருக்கும் நன்றி. கணக்கப்பிள்ளை சொன்னபடி ஆறு வாரம் குறித்து வைத்தேன். நான்கு ஞாயிறுகளில் விலை 200 டாலருக்கு மேல் இருந்தது. ஒரு முறை விற்றே தீர்ந்திருந்தது. செவ்வாய்க்கிழமைகளில் பெரும்பாலும் 60க்குக் கீழ். பாஸ் வாங்குவதை நிறுத்தி வைத்துவிட்டு, திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் டாலஸிலிருந்தே வேலை பார்க்க அனுமதி கேட்டு மேலாளருக்கு எழுதியிருக்கிறேன். பதில் வந்த பிறகு மறுபடியும் இங்கே வருகிறேன்.