உலகத்துப் பணத்தை 2.1 கோடியால வகுத்தா பிட்காயின் விலை வந்துடுமா?

ஓட்டைக்கல்லா:
மச்சான் ஒரு கணக்கு அனுப்பிருக்கான். உலகத்துல மொத்தம் இருக்குற எம்2, அதாவது கையில இருக்குற நோட்டு, சேவிங்ஸ், சின்ன டெபாசிட் எல்லாம் சேத்து, சுமாரா 100 லட்சம் கோடி டாலர்னு வச்சுக்கங்க. பிட்காயின் 2.1 கோடிக்கு மேல வரவே வராது. வகுத்தா காயின் ஒண்ணுக்கு 47 லட்சம் டாலர் சொச்சம். அதுல நூத்துல ஒரு பங்கு வந்தாக்கூட 47,000 டாலர் அடிமட்ட விலைன்றான். கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா எங்கயோ இடிக்குது. எங்கன்னு சொல்லுங்களேன்.

நடுராத்திரி:
இது உங்க மச்சான் கண்டுபிடிச்சது இல்லங்க. பிட்காயின் ஆரம்பிச்ச அதே 2009 ஜனவரில, அத ஆரம்பத்துலயே ஓட்டிப் பாத்த புரோகிராமர் ஹால் ஃபின்னி போட்ட கணக்கு. உலகத்துல எல்லாரும் இதையே பணமா வச்சுக்கிட்டா மொத்த சொத்து 100லருந்து 300 லட்சம் கோடி டாலர், காயின் 2 கோடி, ஆக ஒண்ணு சுமாரா 1 கோடி டாலர்னு எழுதினார். அவர் சும்மா கற்பனை பண்ணிப் பாப்போம்னுதான் போட்டாரு, அந்த "வச்சுக்கிட்டா"வ நம்மாளுங்க முழுங்கிட்டாங்க.

பழைய பேரேடு:
இடிக்கிற இடம் ஒண்ணு இல்ல தம்பி. எங்க தெருவுல 40 மனை, போன வருசம் ஒரே ஒரு மனை கிரவுண்டு 60 லட்சத்துக்குப் போச்சு, உடனே 40 பேரும் நாங்க 60 லட்சத்துக்காரன்னு உக்காந்துட்டாங்க, பத்து பேர் ஒரே மாசத்துல விக்க வந்தா தெரியும் சேதி. பிட்காயின் மார்க்கெட் கேப்பும் அதேதான், கடைசியா கைமாறின விலை பெருக்கல் மொத்த காயின். அவ்வளவு பணம் உள்ள வந்ததுன்னு அர்த்தம் இல்ல. எம்2 அப்படி இல்ல, பாங்கு கணக்குல எண்ணி வச்ச தொகை. ரெண்டையும் வகுத்தா ஒரு நம்பர் வரும், அது விலை ஆகாது.

அப்புறம் அந்த 100 லட்சம் கோடி யாரோடது? சீனாவோட எம்2 2024 மார்ச்லயே 300 லட்சம் கோடி யுவானத் தாண்டிருச்சு, டாலர்ல 40 லட்சம் கோடிக்கு மேல, அமெரிக்காவோடத மாதிரி ரெண்டு மடங்கு. அந்த சீனாதான் 2021 செப்டம்பர்ல கிரிப்டோ வியாபாரம் மொத்தமும் சட்டவிரோதம்னு சொன்னது. வாங்கவே கூடாதுன்னு சொல்லப்பட்டவனோட பணத்த பந்தியில உக்கார வச்சு எல எண்ணுறான் உங்க மச்சான்.

ஓட்டைக்கல்லா:
சரிண்ணே, ஆனா உலக எம்2 கோடும் பிட்காயின் கோடும் சேந்தே போற மாதிரி சார்ட் பாத்தேனே, அது எப்படி?

பழைய பேரேடு:
ரெண்டு பக்கமும் வேற வேற அளவு போட்டு, ஒரு கோட்ட பத்து பன்னெண்டு வாரம் தள்ளி வச்சா மாமியார் மருமக கூட ஒத்துப் போவாங்க. அத விடு. உலக எம்2 போடணும்னா யூரோ, யென், யுவான் எல்லாத்தையும் டாலருக்கு மாத்தணும்ல. 2022ல யூரோ ஒரு டாலருக்கும் கீழ போச்சு. ஐரோப்பாவுல யார் கணக்குலருந்தும் ஒரு பைசா போகாமலே, டாலர்ல பாத்தா அவங்க எம்2 சுருங்கிப் போச்சு. நீ பாக்குற கோட்டுல பாதி பணத்தோட கோடு இல்ல, டாலர் ஏறி இறங்குற கோடு.

அமெரிக்காவோட எம்2வ மட்டும் எடு. 2020 பிப்ரவரில 15 லட்சம் கோடி சொச்சம், ரெண்டே வருசத்துல 21 லட்சம் கோடிக்கு மேல, கொரோனா பணம். பிட்காயினும் கூடவே 2021 நவம்பர்ல 69,000 வரைக்கும் போச்சு, சரி. அடுத்த நவம்பர்ல 16,000. அந்த ஒரு வருசம் எம்2 கிட்டத்தட்ட இருந்த இடத்துலயேதான் இருந்துச்சு. வட்டி ஏறுச்சு, எஃப்டிஎக்ஸ்ன்ற பெரிய கிரிப்டோ எக்ஸ்சேஞ்ச் மூழ்குச்சு, விலை போயிருச்சு.

கருவாட்டுக்குழம்பு:
நம்ம ஊர்ல லாபத்துல 30 பர்சன்ட் வரி, விக்கும்போது 1 பர்சன்ட் டிடிஎஸ், நஷ்டத்த எதுலயும் கழிக்க முடியாது. இத எந்த சார்ட்லயும் காணோம்.

நடுராத்திரி:
வகுக்குற எண்ணும் தப்புதான். 2024 ஏப்ரல் ஹாவிங்கப்ப, அதாவது புதுசா வர்ற காயின் அளவு பாதியா கொறஞ்சப்ப, வெளிய வந்திருந்தது 1.97 கோடிகிட்ட. அதுல பிட்காயின உருவாக்கின சடோஷியோடதுன்னு சொல்ற சுமார் 10 லட்சம் அசையவே இல்ல, பாஸ்வேர்ட தொலைச்சவங்களோடது தனி. இதெல்லாம் கழிச்சா மச்சான் கணக்குல விலை இன்னும் ஏறும், தயவுசெஞ்சு அவர்கிட்ட சொல்லிடாதீங்க.

ஓட்டைக்கல்லா:
ஏற்கனவே ஸ்க்ரீன்ஷாட் அனுப்பிட்டேன். கடைசி மெசேஜ மட்டும் ரிப்ளைல போட்டு "பாத்தியா" ன்னு கேக்குறான்.